சடை பின்னத் தெரிந்த கணவர்

(நகர நூலக வாசகர் வட்டத்தில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாங்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வீட்ல கூட இருந்து பார்த்துக்க யாரு இருக்கா?" கட்டிலில் இருப்பவர் ஆணாக இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை. மனைவி மருந்துச் சீட்டையும் பிளாஸ்க்கையும் கூடையில் வைத்துக்கொண்டு தயாராக நிற்பார். பெண்ணாக இருந்தால் மட்டும் ஒரு தயக்கம் வரும். கணவர் பக்கத்தில்தான் நிற்பார். நல்ல மனிதர், இரவெல்லாம் வராந்தாவில் படுத்துக் கிடந்தவர், பணத்துக்கும் ரத்தத்துக்கும் அலைந்தவர். அவர் சொல்வார்: "ஊர்ல இருந்து எங்க மாமியார் வர்றாங்க மேடம்." இல்லையென்றால், "கட்டு பிரிக்கிற வரைக்கும் அவங்க அம்மா வீட்ல விட்டுடலாம்னு இருக்கோம்."

அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மனைவிக்கு ஒரு கை முறிந்தால் அவர் தலையை வாரிவிடக் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சின்ன விஷயம் மாதிரித் தெரியும். என் அனுபவத்தில் அது சின்ன விஷயமாக இருந்ததே இல்லை.

பிசியோதெரபி என்றால் இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. எங்கள் துறை அவ்வளவாகத் தெரியாது. அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி தாங்களாகப் பல் துலக்கவும் குளிக்கவும் உடுத்தவும் சமைக்கவும் பழக்குவது எங்கள் வேலை. அதனால் வெளியில் பேசக் கூச்சப்படுகிற விஷயங்களை நாள் முழுக்கப் பேசியே பழகிவிட்டோம். இங்கும் வெளிப்படையாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் துறையில் உலகம் முழுக்கப் புழங்குகிற அளவுகோல் ஒன்று இருக்கிறது. பார்த்தெல் குறியீடு என்று பெயர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் புளோரன்ஸ் மஹோனி, டோரதியா பார்த்தெல் என்ற இரண்டு பெண்கள் 1965இல் வெளியிட்டது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, படியேறுவது என்று பத்து வேலைகள். பத்தையும் ஒருவர் தானே செய்துகொண்டால் 100 மதிப்பெண். முகம் கழுவுவது, தலை வாருவது, பல் துலக்குவது, சவரம் செய்துகொள்வது எல்லாம் சேர்ந்து ஒரே இனம், அதற்கு 5 மதிப்பெண். நடப்பதற்கு 15. எவ்வளவு நேரமும் ஆள்பலமும் தேவைப்படும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த 5 மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிற விளக்கத்தில் ஒரு குறிப்பு வருகிறது. ஒப்பனை செய்துகொள்ளும் பழக்கமுள்ள பெண் அதைத் தானே செய்துகொள்ள வேண்டுமாம். கூந்தலைப் பின்னிக்கொள்ளவோ அலங்கரித்துக்கொள்ளவோ முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம்.

படித்த காலத்தில் இதைத் தாண்டிப் போய்விட்டேன். வேலைக்கு வந்த பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது. மற்ற எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தார்கள். காய்கறிக்காரர் வந்தால் கதவைத் திறப்பதில்லை. கோயிலுக்குப் போவதில்லை. கேட்டால், "தலையை இப்படி விரிச்சுப் போட்டுக்கிட்டு எப்படிங்க வாசலுக்குப் போறது?" என்பார்கள். நம் ஊரில் ஐம்பது வயதுப் பெண் வாராத தலையோடு வாசலில் நின்றால், வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்றுதான் தெரு நினைக்கும். மேரிலாந்தில் எழுதிய குறிப்புக்கு இது எப்படித் தெரியும்?

நாற்பத்தைந்து, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு மணிக்கட்டு முறிவது மிகச் சாதாரணம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைகிறது. ஈரத் தரையில் கால் வழுக்கும்போது நாம் அனிச்சையாகக் கையை ஊன்றுகிறோம். உடம்பின் மொத்தப் பாரமும் மணிக்கட்டில் இறங்கி, ஆர எலும்பின் முனை உடைகிறது. டப்ளினைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ் என்ற அறுவை மருத்துவர் 1814இல் இதை விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். மாவுக்கட்டு போட்டால் ஏறக்குறைய ஆறு வாரம். ஆண்களுக்கு வேறு மாதிரி. இளவயதில் டூவீலரிலிருந்து விழுந்து காறை எலும்பு, தோள்பட்டை. வயதானால் ஆணோ பெண்ணோ இடுப்பு.

விபத்து நடந்த உடனே என்ன செய்வது என்று இப்போது நமக்கு ஓரளவு தெரிகிறது. 108க்கு அழைக்கிறோம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே செலவு செய்யும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021இல் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய காரியங்கள் இவை. ஆனால் அந்த ஆறு வாரமும் காலை ஏழு மணிக்கு முகத்தைத் துடைத்துவிடுவது யார் என்பதற்குத் திட்டம் எதுவும் கிடையாது. அது அந்த வீட்டில் இருக்கிற இன்னொருவரின் கையில்தான் இருக்கிறது.

இதில் நம் வாழ்க்கை முறைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாம் சாப்பிடுவது வலது கையால், கால் கழுவுவது இடது கையால். குழந்தையிலிருந்து பழகியது. வலது கை முறிந்தவர் ஸ்பூனைப் பிடித்துச் சமாளித்துவிடுவார், இல்லையென்றால் ஊட்டிவிடச் சொல்லலாம், அதில் வெட்கம் அதிகம் இல்லை. இடது கை முறிந்தவர் கழிவறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார், இரவுச் சாப்பாட்டை விடுகிறார். மலச்சிக்கல் வருகிறது. மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். உண்மையான காரணத்தை அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. மேற்கத்திய கழிவறையும் கையில் பிடித்து நீர் பீய்ச்சும் குழாயும் இருக்கிற வீட்டில் பாதிப் பிரச்சினை தீரும். குழாயை மாட்டியிருக்கிற பக்கம் முறிந்த கைப் பக்கமாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டு மறுபக்கம் மாற்றிவிடுங்கள். சின்ன வேலைதான், அதற்குப் பிறகு அந்த நபருக்குக் கழிவறையில் ஒருவருடைய உதவியும் தேவைப்படாமல் போகலாம். அப்படியும் முடியாதென்றால், கணவரோ மனைவியோ கையுறை போட்டுக்கொண்டு, முன்னிருந்து பின்னாகக் கழுவி, துடைத்து, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களும் இதில் சேரும். நாப்கின் எங்கே இருக்கிறது, எப்படி ஒட்ட வேண்டும் என்று தெரியாத கணவர்கள் அதைத் தெரிந்துகொள்ளக் கை முறியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மாமியார் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். வரட்டும். ஆனால் அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. அவருக்கே முழங்கால் வலி. ஈரக் குளியலறையில் இரண்டு பேரும் சேர்ந்து வழுக்கினால் இன்னொரு முறிவு. மகளை நிறுத்திக்கொள்கிறார்கள், அவளுக்குப் பொதுத்தேர்வு. இவர்களெல்லாம் தேவைப்படுகிற நேரத்தில் அந்த வீட்டில் கை கால் நன்றாக இருக்கிற ஓர் ஆண் முன்னறையில் உட்கார்ந்து, "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மனம் இல்லாமல் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவர் அப்பா செய்து அவர் பார்த்ததும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் தொடலாம் என்பதை அடிபட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும். கணவர் கைப்பட விருப்பமில்லை, அக்கா வந்தால்தான் நிம்மதி என்று ஒரு பெண் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. முறிவே கணவர் கையால் வந்த வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட கையிடம் தலையைக் கொடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எங்களைப் போன்றவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம் அதுதான். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை இந்தக் கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளுக்கு வருகிறேன். கேட்டுவிட்டுத் தொடுவது என்பதுதான் முதலில் பழக வேண்டியது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் நோவில் கிடக்கிற உடம்பு வேறு உடம்பு. பின்னாலிருந்து ஒரு கை திடீரென்று தலையில் விழுந்தால் தோள் சட்டென்று இறுகும், முறிந்த இடத்தில் உயிர் போகிற மாதிரி வலிக்கும். "முகம் துடைச்சு விடட்டுமா?", "இப்ப இடது பக்கம் வாரப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்தால் அந்த உடம்பு தளர்ந்து கொடுக்கும். எதைச் செய்வது, எப்போது செய்வது, எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விருப்பம். பத்து மணிக்குக் குளிக்கிற பழக்கமுள்ளவரை உங்கள் ஆபீஸ் நேரத்துக்காக ஆறு மணிக்கு உட்கார வைக்க வேண்டியிருந்தால், அதையும் பேசி முடிவு செய்யுங்கள். ஒரு கண்ணாடியைக் கையில் கொடுங்கள். மீசையின் நுனி எந்த அளவு இருக்க வேண்டும் என்று ஒருவருக்கு இருபது வருடமாக ஒரு கணக்கு இருக்கும். மனைவி அதைக் கேட்காமல் ஒட்ட வெட்டிவிட்டு, "வளர்ந்துடும் விடுங்க" என்றால், அவர் மூன்று நாள் பேசாமல் இருப்பார். காரணம் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பொட்டு எந்த இடத்தில், என்ன அளவில், குங்குமமா ஸ்டிக்கரா என்பதும் அப்படித்தான்.

இப்போது தலை வாருவது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

மனைவியை நாற்காலியில் பக்கவாட்டாக உட்கார வையுங்கள். சாய்மானம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கூந்தல் அதில் மாட்டும். முறிந்த கையைத் தலையணைமேல் வையுங்கள். பல் அகன்ற சீப்பு வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுக்கிற வேலையே கூடாது. கூந்தலின் நடுவில் ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிடிக்குக் கீழே நுனியிலிருந்து சிக்கெடுங்கள். நுனி சிக்கு போனதும் பிடியைக் கொஞ்சம் மேலே கொண்டுபோங்கள். பிடித்திருக்கிற கைதான் இழுப்பைத் தாங்கும், மண்டை தாங்காது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்த தலையில் சிக்கு சடை பிடித்திருக்கும். தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் தொட்டு விரலால் பிரியுங்கள். ஒரே நாளில் முடிய வேண்டியதில்லை. கத்தரிக்கோலை எடுக்கும் முன் அவரிடம் கேளுங்கள், இரண்டு தடவை கேளுங்கள்.

பின்னுவது எளிது. மூன்று கால்களாகப் பிரித்து, வலது காலை நடுக்காலுக்கு மேலே, பிறகு இடது காலை நடுக்காலுக்கு மேலே. அதையே மாற்றி மாற்றி, கழுத்தருகே இறுக்காமல், கீழே போகப் போகச் சீராக. முதல் நாள் கோணலாக வரும். ஒரு வாரத்தில் விரல் தானாகப் போகும். பெரும்பாலும் படுத்தே இருக்கிறவருக்குப் பின்னால் ஒற்றைச் சடை கூடாது, கழுத்தில் அழுத்தும். நடு வகிடு எடுத்துக் காதுக்குப் பின்னால் இரண்டு சடையாகப் பின்னி முன்னால் விடுங்கள். வார்டில் நர்ஸுகள் அப்படித்தான் பின்னுவார்கள். எழுந்திருக்க முடியாதவருக்குத் தலை குளிப்பாட்டவும் முடியும். கட்டிலின் தலைமாட்டு விளிம்புக்கு அவரை நகர்த்தி, கழுத்துக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பெரிய பாலிதீன் ஷீட்டின் இரண்டு ஓரங்களையும் சுருட்டி வாய்க்கால் மாதிரி ஆக்கி, மறுமுனையைக் கீழே வாளிக்குள் விட்டால் தண்ணீர் நேராக இறங்கிவிடும். கழுத்தெலும்பிலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லாமல் தலையை அசைக்கவே கூடாது.

ஒரு கணவரைப் பற்றிச் சொல்கிறேன், ஊர் பெயரெல்லாம் வேண்டாம். லாரி ஓட்டுபவர். மனைவிக்கு இரண்டு மணிக்கட்டும் முறிந்துவிட்டது. பின்னுவதைக் கற்றுத் தருகிறேன் என்றதும், தார்ப்பாய் கட்டுகிற கயிற்றைத் தினமும் முறுக்குகிற கைதானே மேடம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது தலையில் பூ இருந்தது. எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற பெண்கள் "யாரு வச்சு விட்டாங்க?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரருதான்" என்று அவர் சொன்ன குரல், எனக்குத் தெரிந்து எந்த வலி மாத்திரையும் கொடுக்காத தெம்போடு இருந்தது. பூ வைக்க ஹேர்பின்னை எந்தக் கோணத்தில் செருக வேண்டும் என்று அந்த மனிதர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

சவரத்துக்கு வருவோம். மனைவிகளுக்கு இதில் பயம் அதிகம். வெதுவெதுப்பான நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து இரண்டு நிமிடம் முகத்தில் போடுங்கள், முடி மெத்தென்று ஆகிவிடும். நுரை தாராளமாக இருக்கட்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளர்கிற திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பாக மழியுங்கள். கன்னத்தில் தொடங்கி, மேலுதட்டையும் முகவாயையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் அங்கே முடி இன்னும் மெத்தென்று ஆகியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பிளேடு வேண்டாம், மின்சார ட்ரிம்மர் போதும். இல்லாவிட்டால் தெருவில் இருக்கிற சலூன்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்துதான் முடி வெட்டினார்கள். கட்டி கீறுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர்கள் கைத்தொழிலாக இருந்தது, அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். அவர்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய ஊர் இது. நோயாளியின் முகத்தை நடுங்காமல் தொடத் தெரிந்த அந்தக் கைகளுக்கு நாம் கொடுத்த மரியாதை போதாது. இப்போது கூப்பிடும்போது உட்கார நாற்காலி போட்டு, கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்து அனுப்புங்கள்.

குளியலைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1963இல் எழுதியது. முடியாமல் போன காரியங்கள் திரும்பி வருவதில் ஒரு வரிசை இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். சாப்பிடுவதும் சிறுநீர் மலம் அடக்குவதும் முதலில் வரும். எழுந்து நகர்வது, கழிவறை போவது பிறகு. உடுத்துவதும் குளிப்பதும் கடைசி. குழந்தை வளரும்போது கற்றுக்கொள்கிற வரிசையும் ஏறக்குறைய இதுதான் என்றார்கள். அதனால் "நடக்க ஆரம்பிச்சாச்சு, இனிமே தானே குளிச்சுக்கட்டும்" என்று அவசரப்படாதீர்கள். நடக்கத் தொடங்கியவர் இரண்டாவது முறை குளியலறையில் விழுந்துவிடலாம்.

கால்கள் அகலாத உறுதியான ஸ்டூல், காலடியில் ரப்பர் பாய், கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் ஒரு கம்பி. துண்டு மாட்டுகிற கம்பியைப் பிடித்து எழுந்திருக்கக் கூடாது, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கதவை உள்ளே தாழிடாதீர்கள். மாவுக்கட்டின்மேல் பாலிதீன் உறை போட்டு மேல் விளிம்பில் டேப் ஒட்டினாலும் அதை நம்பித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அந்தக் கையை ஒதுக்கி வைத்தே குளிப்பாட்டுங்கள். கட்டு நனைந்தால் இளகிவிடும், உள்ளே தோல் ஊறிப் புண்ணாகும். உள்ளே அரித்தால் ஊசி, ஸ்கேல், ஹேர்பின் எதையும் விடக் கூடாது. மடியில் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும். மனைவிதானே, கணவர்தானே என்று அதை விட்டுவிடாதீர்கள். சோப்பை நல்ல கையில் கொடுத்து, எட்டுகிற இடத்தை அவரே தேய்த்துக்கொள்ள விடுங்கள். முதுகும் கால் விரல்களும் உங்கள் பங்கு.

கழுத்திலிருந்து தொங்கும் தூளியில் கையை மாட்டியிருக்கிறவருக்கு அக்குளை மறந்துவிடுகிறார்கள். நம் வெயிலில் இரண்டே வாரத்தில் அங்கே வேர்வை தங்கிப் படை வரும், நாற்றம் வரும், அவர் கூச்சத்தில் யாரிடமும் நெருங்க மாட்டார். மருத்துவர் அனுமதித்தால், அவரை முன்னால் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். கை தானாக உடம்பை விட்டுத் தொங்கும். தோளைத் தூக்கவே வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். சட்டை போடும்போது முறிந்த கை முதலில் நுழையும், கழற்றும்போது கடைசியில் வரும். இது ஒன்று தெரிந்தால் பாதி அலறல் குறையும். இடுப்பு மூட்டு மாற்றியவரால் பல வாரங்களுக்குக் கீழே குனிய முடியாது, கால் நகம் வெட்டுவது இணையின் வேலை. சர்க்கரை நோய் இருந்தால் நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள்.

வளையலும் மோதிரமும் மெட்டியும். அடிபட்டவுடன் அந்தக் கை காலில் இருப்பதை உடனே கழற்றிவிட வேண்டும், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும், விரலுக்கு ரத்த ஓட்டமே தடைபடலாம். வயதான அம்மாக்கள் இதற்கு அழுவார்கள். வெறுங்கையாக இருப்பது அவர்களுக்குத் தாங்காது. கழற்றிய வளையலை மறு கையில் போட்டுவிடுங்கள். அதை நர்ஸ் செய்வதும் கணவர் செய்வதும் ஒன்றல்ல என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

தினமும் தொட்டுப் பராமரிக்கிறவருக்கு மருத்துவர் பார்க்க முடியாதது தெரியும். விரல் நீலமாகவோ வெளுத்தோ போவது, மரத்துப் போவது, கட்டுக்குள் தாங்க முடியாத இறுக்கமான வலி, இவை எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. திடீரென்று மூச்சு வாங்கினால் 108. தண்டுவடம் அடிபட்டு உணர்ச்சி போனவருக்குக் குளிக்கும் தண்ணீரின் சூட்டை உங்கள் கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், வெந்து போனாலும் அவருக்குத் தெரியாது. குளிப்பாட்டும்போது புட்டத்தின் மேலெலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் பாருங்கள். சிவந்த இடம் அழுத்தம் போன பிறகும் சிவப்பாகவே இருந்தால் அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம்.

இவ்வளவு செய்யச் சொல்லிவிட்டு, இதைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்றும் சொல்கிறேன். சில மனைவிகள் கட்டு பிரித்த பிறகும் கணவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே இருப்பார்கள், பாசத்தில்தான். ஆனால் தலை வாருவது தோளுக்கும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் சேர்ந்த பயிற்சி. அதைப் பிடுங்கிக்கொண்டால் மூட்டு இறுகும். தானே செய்துகொள்வதன் அருமையைச் சொல்ல ஓர் உதாரணம் தருகிறேன். வேலூரில் பணியாற்றிய மேரி வர்கீஸ் என்ற மருத்துவர் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறைக்குத் தலைமையேற்று நடத்தினார். அங்கே மறுவாழ்வு நிலையம் 1966இல் திறந்தது. தானே உடுத்துவதும் தானே குளிப்பதும் சிகிச்சையின் பகுதிதான் என்பது எங்கள் துறையில் அரிச்சுவடி. முதலில் முழுதும் நீங்கள் செய்வீர்கள். பிறகு நீங்கள் தொடங்கி வைத்து அவர் முடிப்பார். பிறகு பக்கத்தில் நின்றால் போதும். அவர் ஒரு பொத்தானுக்குப் பத்து நிமிடம் எடுக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான சேவை.

செய்கிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்த்துக்கொள்கிற மனைவியின் இடுப்பு வலியை யாரும் கேட்பதில்லை. குளிப்பாட்டும்போது குனிந்து நிற்காதீர்கள், நீங்களும் ஒரு ஸ்டூலில் உட்காருங்கள். வாரத்தில் ஓர் அரை நாள் வேறு யாராவது பார்க்கட்டும். வலியில் இருப்பவர் எரிந்து விழுவார். திருப்பி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்தும் வந்துவிடும். அது குற்றமில்லை, ஆனால் குளியலறையில் வைத்து அந்தச் சண்டை வேண்டாம், வெளியே வந்த பிறகு பேசுங்கள். துணியில்லாமல் உட்கார்ந்திருப்பவரால் சமமாகச் சண்டை போட முடியாது. பராமரிப்பு முடிந்ததும் அன்றைக்கு ஒரு நேரமாவது நோயாளி, உதவியாளர் என்ற பேச்சில்லாமல் உட்காருங்கள். பழைய பாட்டுக் கேளுங்கள், பக்கத்து வீட்டுக் கதை பேசுங்கள்.

கட்டு பிரிக்கிற நாளில் பயந்துவிடாதீர்கள். கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, முடி அடர்ந்து, வேறு யாருடைய கையோ என்று தோன்றும். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெல்லத் துடைத்து, எண்ணெய் தடவிவிடுங்கள். சில நாளில் சரியாகும். சீப்பின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கி அந்தக் கையில் கொடுங்கள், இறுகிய விரலுக்கு அதுதான் பிடிபடும்.

நேரமாகிவிட்டது. பின்னால் இருக்கிற மேசையில் பல் அகன்ற சீப்புகளும், நீளமான கூந்தல் வைத்த இரண்டு பொம்மைத் தலைகளும், பழகுவதற்கு ஒரு மாவுக்கட்டும் வைத்திருக்கிறேன். ஆண்கள் முதலில் வாருங்கள். எட்டு மணி வரை நான் இங்கேதான் இருப்பேன். கேள்விகளை அங்கேயே கேட்கலாம், எல்லோர் முன்னாலும் கேட்க முடியாததைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.